ஓரி விட்ட ஒரே அம்புக்கு எத்தனை பேர் வேலை செய்யணும்? அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ் கனவோடு இருக்கும் மலைப்பிள்ளைகளுக்கு!

கொல்லிமலைக்காரர்களுக்கு இந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வல்வில் ஓரி வில்லை வளைத்து ஒரே ஒரு அம்பு விடுகிறான். அது முதலில் யானையைச் சாய்க்கிறது. அங்கே நிற்காமல் புலியைத் துளைக்கிறது, புள்ளிமானைத் துளைக்கிறது, காட்டுப்பன்றியையும் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் தைக்கிறது. சங்கப் புலவர் வன்பரணர் புறநானூற்றில் பாடிவைத்த காட்சி இது. செம்மேட்டில் சிலையாக நிற்கும் ஓரிக்கு வருஷா வருஷம் ஆடி மாதத்தில் விழா எடுக்கிறோம். மேடையில் யாராவது ஒருவர் இந்த அம்புக் கதையைச் சொல்லாமல் இறங்கியதில்லை.

சரி, இதையே சினிமாவில் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரையில் மொத்தம் 6 நொடிதான். ஒரு நொடிக்கு 24 படங்கள் என்றால் 144 படங்கள். இந்த 144 படங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள் தெரியுமா?

'கிராஃபிக்ஸ் படிக்கணும்' என்று சொல்லும் நிறைய பேருக்கு, கிராஃபிக்ஸ் என்பது ஒரு வேலை இல்லை, இருபது வேலை என்பது தெரிவதில்லை. தெரியாமலே ஏதோ ஒரு சென்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, ஒரு வருஷம் கழித்து 'நமக்கு செட் ஆகலை' என்று திரும்பி வருகிறார்கள். திண்ணனூர் நாட்டில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டில் மிளகு விற்ற காசை எடுத்துக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகும் ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் சாதாரண விஷயம் இல்லை. அதனால் முதலில் ஓரியின் அம்பையே பிரித்துப் பார்த்துவிடுவோம்.

அம்பு கிளம்பி, உடும்பில் தைக்கும் வரை...

முதல் ஆள் பென்சில் பிடிப்பவர். டைரக்டர் சொல்வதைக் கேட்டு, கேமரா எங்கே நிற்கிறது, யானை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கட்டம் கட்டமாக வரைந்து தருவார். இது ஸ்டோரிபோர்டு. இன்னொருவர் யானை, புலியெல்லாம் எப்படி இருக்கும், காடு என்ன நிறத்தில் இருக்கும் என்று வண்ணத்தில் வரைவார். இது கான்செப்ட் ஆர்ட்.

அடுத்தது ஷூட்டிங். நடிகர் வில்லை வளைக்கிறார். யானை கிடையாது, புலி கிடையாது, பல சமயம் அம்பும் கிடையாது. வி.எஃப்.எக்ஸ் சூப்பர்வைசர் ஓரமாக நின்று எந்த லென்ஸ், கேமரா எவ்வளவு உயரம், வெயில் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்கிறார். பளபளக்கும் ஒரு பந்தையும் சாம்பல் நிறப் பந்தையும் கேமரா முன் காட்டிப் படமெடுத்துக்கொள்கிறார். அந்த இடத்தில் வெளிச்சம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதற்கு அந்தப் பந்துகள்தான் சாட்சி.

எடுத்த படம் ஸ்டுடியோவுக்கு வருகிறது. மேட்ச்மூவ் ஆர்ட்டிஸ்ட், நிஜக் கேமரா எப்படி நகர்ந்ததோ அதே மாதிரி கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கேமராவை நகர்த்துவார். இது பிசகினால் யானையின் கால் தரையில் பதியாமல் வழுக்கும். ரோட்டோ ஆர்ட்டிஸ்ட், நடிகரையும் அவருக்கு முன்னால் ஆடும் இலைகளையும் ஒவ்வொரு படத்திலும் ஓரம் பிடித்து வெட்டித் தனியாக எடுப்பார். யானை அந்த இலைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டுமே! பெயின்ட் ஆர்ட்டிஸ்ட், நடிகரைத் தூக்கிய கயிறு, தவறி ஃபிரேமில் வந்த லைட் ஸ்டாண்டு, பின்னால் தெரியும் செல்போன் டவர் எல்லாவற்றையும் அழிப்பார்.

இன்னொரு பக்கம் மிருகங்கள் தயாராகும். மாடலர் களிமண் பிசைவதுபோல யானையின் உருவத்தைச் செய்வார். டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட் தோலின் சுருக்கம், சேறு, தந்தத்தின் கறை எல்லாம் பூசுவார். புலிக்கும் பன்றிக்கும் மயிர் முளைக்க வைப்பதற்கே தனி ஆள் உண்டு. பிறகு ரிக்கிங். உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைத்து, இழுத்தால் அசையும்படி செய்வது. (நம்ம மாவட்டத்தில் 'ரிக்' என்றால் திருச்செங்கோட்டு போர்வெல் லாரிதான் ஞாபகம் வரும். இது வேற ரிக்!)

இதற்கப்புறம்தான் அனிமேட்டர் வருகிறார். யானை எப்படிச் சாய்கிறது? முன்னங்கால் மடங்கி விழுமா, பக்கவாட்டில் சரியுமா? புலிக்கு அம்பு தைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டதா, இல்லையா? இதை முடிவு செய்வது அவர். எஃப்.எக்ஸ் ஆர்ட்டிஸ்ட், யானை விழும்போது எழும் புழுதி, சிதறும் சருகு, தெறிக்கும் ரத்தம் ஆகியவற்றைச் செய்வார். லைட்டிங் ஆர்ட்டிஸ்ட் அந்தப் பந்துகளின் சாட்சியத்தை வைத்து வெளிச்சம் போடுவார். கடைசியில் கம்ப்பாசிட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மலை மூடுபனியைக் கொஞ்சம் தூவி, 'இது நிஜமாகவே நடந்தது' என்று நம்ப வைப்பார்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெறும் சேசிஸ் வருகிறது. வெல்டர், தச்சர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன், கடைசியில் 'தாய் தந்தை துணை' எழுதும் ஆர்ட்டிஸ்ட் என்று கைமாறிக் கைமாறித்தான் லாரி ரோட்டுக்கு வருகிறது. 'லாரி செய்யத் தெரியுமா?' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. 'உனக்கு எந்த வேலை தெரியும்?' என்றுதான் கேட்பார்கள். ஸ்டுடியோவிலும் அதே கேள்விதான்.

அனிமேஷனுக்கும் வி.எஃப்.எக்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். எல்லாமே வரைந்ததோ கம்ப்யூட்டரில் செய்ததோ என்றால் அனிமேஷன் படம். நிஜமாக எடுத்த காட்சிக்குள் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் வி.எஃப்.எக்ஸ். வேலைகள் பெரும்பாலும் பொதுவானவை. ரோட்டோவும் பெயின்ட்டும் மேட்ச்மூவும் வி.எஃப்.எக்ஸுக்கே உரியவை.

நம்ம ஊருக்குப் புதுசு இல்லை

'இதெல்லாம் ஹாலிவுட் சமாச்சாரம்' என்று நினைப்பவர்கள், 'முக்காலா முக்காபுலா' பாட்டில் பிரபுதேவாவின் தலையும் கையும் காணாமல்போய் வெறும் சட்டையும் தொப்பியும் ஆடியதை நினைத்துக்கொள்ளுங்கள். 1994-ல் வந்த 'காதலன்' அது. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்து 'இந்தியன்', 'ஜீன்ஸ்' படங்களுக்கும் அதே விருது. 2010-ல் 'எந்திரன்'. அதற்கு விருது வாங்கிய ஸ்ரீனிவாஸ் மோகன், பின்னாளில் 'பாகுபலி' முதல் பாகத்துக்கும் 'ஆர்.ஆர்.ஆர்' படத்துக்கும் வாங்கினார். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்தின் வேற்றுக்கிரகவாசியைச் செய்தது சென்னையில் இருக்கும் ஃபேன்டம் எஃப்.எக்ஸ். 'இன்செப்ஷன்', 'இன்டர்ஸ்டெல்லார்', 'டூன்' போன்ற படங்களுக்கு ஆஸ்கர் வாங்கிய டி.நெக் நிறுவனத்துக்கும் சென்னையில் ஸ்டுடியோ இருக்கிறது.

ஒரு படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2014-ல் வந்த 'கோச்சடையான்'. நடிகர்களின் உடல் அசைவை சென்சார் மூலம் பதிவு செய்து கம்ப்யூட்டர் உருவத்துக்கு மாற்றும் மோஷன் கேப்சர் முறையில் எடுக்கப்பட்டது. துணிச்சலான முயற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் தியேட்டரில் பார்த்த பலருக்கும் முகங்கள் கொஞ்சம் பொம்மை மாதிரி தெரிந்தன. ஒரு மனித முகத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய நம் கண்ணை ஏமாற்றுவது அவ்வளவு கஷ்டம். ஏலியனை நம்பிவிடுவோம், ரஜினியின் கண்ணிமை அரை நொடி தாமதமாக மூடினால் கண்டுபிடித்துவிடுவோம்.

நீங்க எந்த ஆள்?

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டே இருந்தவரா? ஸ்டோரிபோர்டு, கான்செப்ட் பக்கம் பாருங்கள். களிமண்ணில் பொம்மை செய்தவர் என்றால் மாடலிங். ஊரில் ஒவ்வொருவரும் நடக்கும் நடையை அப்படியே செய்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவரா? நீங்கதான் அனிமேட்டர். கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் பிடிக்கும் என்றால் ரிக்கிங், எஃப்.எக்ஸ் துறைகளில் ஆளுக்குப் பஞ்சம். அங்கே பைத்தான் தெரிந்தவருக்கு மதிப்பே தனி. போட்டோ எடுக்கும்போது வெளிச்சத்தைப் பார்த்து எடுப்பவர் என்றால் லைட்டிங், கம்ப்பாசிட்டிங்.

வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பாதிக்குமேல் வேலைகளுக்கு ஓவியர் ஆக வேண்டியதில்லை. ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வரைவதைப்போல் நல்ல வாத்தியார் வேறில்லை என்பதால், தினமும் அரை மணி நேரம் கிறுக்குவது யாருக்கும் நஷ்டமில்லை.

எங்கே படிப்பது?

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர் அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸில் 4 ஆண்டு பட்டப்படிப்பு (பி.வி.ஏ) இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் தனியார் சென்டர்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. இடங்களும் குறைவு, அதனால் போட்டி உண்டு. விண்ணப்ப அறிவிப்பு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். தேதியைக் கோட்டைவிட்டால் ஒரு வருஷம் போச்சு. 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியும் ஓவிய அடிப்படைக்கு அருமையான இடங்கள்.

அகில இந்திய அளவில் அகமதாபாத் என்.ஐ.டி-யில் அனிமேஷன் ஃபிலிம் டிசைன் படிக்கலாம். என்.ஐ.டி நுழைவுத் தேர்வு ஒன்று, ஐ.ஐ.டி-களின் டிசைன் படிப்புக்கான 'யூசீட்' தேர்வு ஒன்று. இரண்டிலுமே பாடத்தை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. கவனிக்கும் திறனையும் வரைந்து யோசிக்கும் திறனையும் சோதிப்பார்கள். மத்திய அரசு நிறுவனங்களில் பழங்குடியினருக்கு 7.5 சதவிகிதம் இடஒதுக்கீடு உண்டு. மலையாளி சமூகத்துப் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள். சாதிச் சான்றிதழைக் கையில் வாங்கிவைக்காமல் கடைசி வாரத்தில் அலைவதுதான் மலையில் பல பேரின் கதை. ப்ளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கிவிடுங்கள். போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கும் அதுதான் சாவி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ சேர்பவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சான்றிதழ் வகுப்பு நடத்தும் சென்டரில் சேர்ந்தால் இது கிடைக்காது.

அந்தத் தனியார் சென்டர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். நல்லவை இருக்கின்றன. வேலை தெரிந்தவர் ஒருவர் பத்துப் பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் சின்ன இடங்களில்கூட அருமையான ஆர்ட்டிஸ்ட்கள் உருவாகியிருக்கிறார்கள். ஆனால் '100 சதவிகிதம் வேலை உறுதி' என்று போர்டு வைத்திருந்தால் அங்கேயே கொஞ்சம் நிதானியுங்கள். வேலையை உறுதி செய்ய யாராலும் முடியாது. பணம் கட்டுவதற்கு முன் இதையெல்லாம் வாய்விட்டுக் கேளுங்க, கூச்சப்படாதீங்க: போன பேட்ச் மாணவர்களின் ஷோரீலைக் காட்டுவீர்களா? சொல்லிக்கொடுப்பவர் எந்தெந்தப் படத்தில் வேலை செய்திருக்கிறார்? ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரா, மூன்று பேருக்கு ஒன்றா? மொத்தக் கட்டணம் எவ்வளவு, எழுதித் தருவீர்களா? பாதியில் நின்றால் திருப்பித் தருவீர்களா? முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது. மார்க் ஷீட், சாதிச் சான்றிதழின் ஒரிஜினலை மட்டும் யார் கேட்டாலும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். அட்மிஷனே ஆகட்டும், 'பாண்டு' போடும் கம்பெனியே ஆகட்டும். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம், இந்தத் துறையில் உங்கள் சான்றிதழை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஷோரீலைத்தான் பார்ப்பார்கள். அரசு வேலைக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் டிகிரி தேவைப்படலாம். அதனால் டிகிரி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு வருஷமும் ரீல் இல்லாமல் போனால் டிகிரி மட்டும் கதவைத் திறக்காது.

கையில் போன்தான் இருக்கிறதா?

தாராளமாகத் தொடங்கலாம். ஃபிளிப்பாகிளிப் மாதிரி ஆப்பில் விரலாலேயே வரைந்து அசைக்கலாம். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ ஆப்பில் நாலு பலாக்கொட்டையை வைத்து ஒரு படமே எடுக்கலாம். நொடிக்கு 12 படம் வைத்தால் 10 நொடிக்கு 120 போட்டோ. ஒரு மத்தியான வேலை. போனை அசையாமல் நிறுத்திவைக்க ஒரு ஏற்பாடும், மேகம் மூடி மூடித் திறக்காத வெளிச்சமும் வேண்டும். இரண்டாவது மலையில் கஷ்டம்தான், டியூப் லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அனிமேஷன் படிக்கிற எல்லோரும் முதலில் செய்யும் பயிற்சி, பந்து குதிப்பது. நீங்கள் எலுமிச்சம்பழமும் பலாப்பழமும் வைத்துச் செய்து பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்திலிருந்து விழுகின்றன. எலுமிச்சை சட்டென்று எம்பும், நாலைந்து முறை குதிக்கும், உருண்டு ஓடும். பலாப்பழம் 'தொம்'மென்று விழுந்து, ஒரு புரளு புரண்டு, அங்கேயே உட்கார்ந்துவிடும். வெறும் வட்டம் வரைந்தே எது எலுமிச்சை, எது பலா என்று பார்ப்பவருக்குப் புரியவைத்துவிட்டால் எடையை அசைக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம். ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இரண்டு டிஸ்னி அனிமேட்டர்கள் 1981-ல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனின் 12 அடிப்படைகளைத் தொகுத்தார்கள். அதில் ஒன்று, எந்தச் செயலுக்கும் முன்னால் அதற்கு எதிர்த்திசையில் ஒரு தயாரிப்பு இருக்கும் என்பது. ஓரி அம்பை முன்னால் விட வேண்டுமானால் முதலில் நாணைப் பின்னால் இழுக்கத்தானே வேண்டும்? அந்த இழுப்பு இல்லாத அம்புக்கு திரையில் வேகமே இருக்காது.

லேப்டாப் வாங்கும் நிலை வந்தால் பிளெண்டர் என்ற சாஃப்ட்வேரை இறக்குங்கள். முழுக்க இலவசம். மாடலிங் முதல் கம்ப்பாசிட்டிங் வரை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. 8 ஜி.பி ரேம், 2 ஜி.பி கிராஃபிக்ஸ் மெமரி இருந்தால் ஓடும் என்பது கணக்கு. ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். 16 ஜி.பி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் நிம்மதி. கல்லூரியில் அரசு லேப்டாப் கிடைத்தால் அதிலேயே சின்னச் சின்ன காட்சிகள் பழகலாம். எடிட்டிங், கலர் வேலைக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, வரைய கிரிட்டா. ஸ்டுடியோக்களில் ஓடும் மாயா மாணவர்களுக்கு இலவசம். ஹூடினிக்கும் நியூக்குக்கும் கற்றுக்கொள்வதற்கான இலவசப் பதிப்புகள் உண்டு. திருட்டு கிராக் தேடி வைரஸை இறக்கிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

'ஓசி சாஃப்ட்வேர்ல செஞ்சா மதிப்பிருக்குமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃபுளோ', பிளெண்டரில் செய்த படம். லாட்வியா என்ற சின்ன நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கியது. ஒரு பூனை, வெள்ளம், ஒரு படகு. வசனமே கிடையாது.

லேப்டாப்பில் வேலை செய்யும்போது ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படத்தை ரெண்டர் செய்ய 5 நிமிஷம் ஆகிறது என்றால், ஒரு நிமிஷக் காட்சிக்கு 1,440 படம், 7,200 நிமிஷம். அதாவது 5 நாள், ராத்திரி பகலாக. மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது நடக்காது. அதனால் 5 நொடிக் காட்சியாக எடுங்கள், தனித்தனிப் படங்களாகச் சேமியுங்கள். கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ரீலுக்கு மலையே ஸ்டுடியோ. பஸ் ஜன்னலிலிருந்து கொண்டை ஊசி வளைவில் எடுத்த வீடியோவைவிட நல்ல மேட்ச்மூவ் பயிற்சி சென்னையில் கிடைக்காது. கிட்டே இருக்கும் தடுப்புச் சுவர் வேகமாக ஓடும், தூரத்து மலை நகரவே நகராது. இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான் சாஃப்ட்வேர் கேமராவின் பாதையைக் கண்டுபிடிக்கிறது. அந்த வளைவில் ஒரு டிராகனை உட்கார வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்! ஆகாய கங்கையின் சாரல் எப்படிக் காற்றில் சிதறுகிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு எஃப்.எக்ஸ் பாதி புரிந்த மாதிரி. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி சுற்றியிருப்பதை மாடல் செய்யுங்கள், பலாப்பழ முள்ளை டெக்ஸ்சர் செய்யுங்கள். எல்லோரும் யூடியூபில் பார்த்து ஒரே டோனட்டைச் செய்துகொண்டிருக்கும்போது உங்கள் ரீலில் மிளகுக்கொடி இருந்தால் பார்ப்பவர் கை ஃபார்வர்டு பட்டனுக்குப் போகாது.

ரீல் ஒரு நிமிஷம், அதிகபட்சம் ஒன்றரை. சிறந்த ஷாட்டை முதலில் வையுங்கள். எதை நீங்கள் செய்தீர்கள், எதை டவுன்லோடு செய்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அடுத்தவர் வேலையை உங்களுடையதாகக் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். சின்னத் துறை இது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கசப்பையும் சொல்லணும்

2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. புதுச்சேரியிலும் எடுத்த படம், நினைவிருக்கும். அந்தப் புலியைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் உயிர் கொடுத்துச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், அதே பிப்ரவரியில், விழாவுக்குச் சில நாட்கள் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது. உலகத்தின் சிறந்த புலியைச் செய்தவர்கள் அந்த மாதச் சம்பளத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். 12 ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தது. எம்.பி.சி, தி மில் என்று உலகப் புகழ்பெற்ற பெயர்கள் அதற்குள் இருந்தன. பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வேலை இழந்தார்கள்.

ஏன் இப்படி? ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் முன்பே பேசிய தொகைக்கு வேலை எடுக்கின்றன. டைரக்டர் புலியைப் பத்து முறை மாற்றச் சொன்னால் செலவு ஸ்டுடியோ தலையில். ரிலீஸ் தேதி மட்டும் மாறாது. அந்த நெருக்கடி கடைசியில் இறங்குவது இரவு இரண்டு மணிக்கு மானிட்டர் முன் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் மேல்தான். ஆரம்பச் சம்பளம் குறைவு. சென்னையில் ரூம் வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப முதல் இரண்டு வருஷம் பெரிதாக எதுவும் நிற்காது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 'கிராஃபிக்ஸ்ல லட்சத்துல சம்பளமாம்' என்று நம்பிக் கடன் வாங்கிய அப்பாவிடம் பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது ஏ.ஐ. இத்தனை காலமும் இந்தியப் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் நுழைந்த வாசல் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ். ஹாலிவுட் படங்களின் இந்த வேலை பெருமளவில் இங்கேதான் வருகிறது. பொறுமை இருந்தால் போதும், சில மாதத்தில் கற்றுக்கொண்டு வேலையில் உட்காரலாம். இப்போது ஒரு கிளிக்கில் ஆளைத் தனியாக வெட்டித்தரும் கருவிகள் வந்துவிட்டன. முடி, புகை, அசைவில் கலங்கிய ஓரம் என்று வரும்போது அவை இன்னும் சொதப்புகின்றன, அங்கே மனிதக் கை தேவைப்படுகிறது. ஆனால் அந்த வாசல் குறுகிக்கொண்டே வருகிறது என்பதுதான் என் கணிப்பு. ரோட்டோ மட்டும் சொல்லிக்கொடுத்து 'வேலை ரெடி' என்னும் ஆறு மாதக் கோர்ஸுக்குப் பெரிய தொகை கட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். ரோட்டோவில் நுழைந்தாலும் அதே நாளிலிருந்து கம்ப்பாசிட்டிங் பழகத் தொடங்குங்கள்.

'மலையிலேயே உட்கார்ந்து ஹாலிவுட் படத்துக்கு வேலை பார்க்கலாமா?' இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இப்போதைக்குக் கஷ்டம். ரிலீஸ் ஆகாத படத்தின் ஒரு ஃபிரேம் கசிந்தாலும் பெரிய வழக்கு. அதனால் பல ஸ்டுடியோக்களில் வேலை செய்யும் இடத்துக்குள் செல்போனைக்கூடக் கொண்டுபோக விடுவதில்லை. ஆகவே முதல் சில வருஷம் சென்னையோ ஹைதராபாத்தோ பெங்களூரோ போய்த்தான் ஆக வேண்டும். கேம்களுக்கான 3டி மாடல், யூடியூப் சேனல்களுக்கான அனிமேஷன், விளம்பரம், கட்டடங்களின் 3டி காட்சி ஆகியவை வேறு. அவற்றை எங்கிருந்தும் செய்யலாம். மாடலையும் ஸ்டில்லையும் அனுப்புவதற்கு சிக்னல் கிடைக்கும் ஒரு இடமும், கொஞ்சம் பொறுமையும் போதும். பெரிய வீடியோ ஃபைல் என்றால் சேந்தமங்கலமோ நாமக்கல்லோ இறங்க வேண்டியிருக்கலாம்.

ஓரியின் அம்பை யாராவது ஒரு நாள் பெரிய பட்ஜெட்டில் எடுப்பார்கள். ஆனால் இந்த மலையில் அதைவிடக் கஷ்டமான ஒரு காட்சி காத்திருக்கிறது. கொல்லிப்பாவை. காற்றுக்கும் இடிக்கும் அழகு குலையாத பாவை என்கின்றன சங்கப் பாடல்கள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும், அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்குகிறவர்களின் கதையை முடிக்கும் என்பது மலையில் சொல்லும் கதை. கல்லோ மரமோ செய்த ஒரு பொம்மை, உயிரோடு அசைகிறது. அனிமேஷன் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டுமா?

அடுத்த பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வேண்டாம், முகம் மட்டும், 4 நொடி, 96 படம். அசையாத முகம் சிரிக்கத் தொடங்குகிறது. முதலில் அசைவது உதடா, கண்ணா? எத்தனையாவது படத்தில், பார்க்கிறவருக்கு இது அன்பான சிரிப்பு இல்லை என்று தெரிய வேண்டும்?